ரெஃபரல் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி 23,499 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்: வேலை தேடும் பிள்ளைகள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு 9:40க்கு என்னை ஒரு வேலைத் தளத்தின் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். எப்படியாவது பேசிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அதுவரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தேன். இனிமேல் பொறுத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. போனது 23,499 ரூபாய். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். இன்னொருத்தர் இதில் மாட்டக்கூடாது.

புகார் கொடுத்திருப்பதால் தளத்தின் பெயரை இப்போது போடவில்லை. ஆனால் எந்த மாதிரித் தளம் என்று சொன்னாலே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். வேலைக்கு விண்ணப்பம் போடவேண்டாம், எங்கள் வட்டத்தில் சேருங்கள், உள்ளே வேலை பார்ப்பவர்களே உங்களைச் சிபாரிசு செய்வார்கள் என்று சொல்லும் தளம். அந்தச் சிபாரிசுக்குத்தான் ரெஃபரல் என்று பெயர். சமூக வலைத்தளம் மாதிரியே இருக்கும். படம் போடலாம், பதிவு போடலாம், ஒருவரை ஒருவர் வாழ்த்தலாம்.

எனக்கு நீடாமங்கலம் பக்கம். பி.காம். முடித்து மூன்று வருஷமாக மன்னார்குடியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருக்கிறேன். டேலி, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சம்பளம் 9,000 ரூபாய். திருச்சி, சென்னை, கோயம்புத்தூர் என்று அறுபது இடத்துக்காவது விண்ணப்பம் போட்டிருப்பேன். கிடைக்கவில்லை என்றுகூட யாரும் பதில் போட்டதில்லை. அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் ஜூன் முதல் வாரத்தில் அவர்களுடைய இலவச ஆன்லைன் வகுப்பு விளம்பரம் கண்ணில் பட்டது.

வகுப்பு நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லவேண்டும். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் சொன்னதிலிருந்து ஆரம்பித்தார்கள். தெரிந்தவர் மூலமாக வேலை வாங்கியவர்களிடம் அவர் கேட்டுப் பார்த்ததில், அடிக்கடி பார்த்துப் பழகும் ஆள் மூலம் வாங்கியவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம் வாங்கியவர்கள் 55 பேருக்கு மேல். நெருங்கின சொந்தத்துக்குத் தெரிந்த வேலையெல்லாம் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தியைக் கொண்டுவரும் என்பது காரணம். பிறகு நானே தேடிப் படித்தேன், அது உண்மைதான். நம் ஊரிலும் பெரியப்பா மகனுடைய கூட்டாளி சொல்லித்தானே திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு உண்மையைக் காட்டிவிட்டு அதன் முதுகில் பொய்யை ஏற்றி அனுப்பினார்கள்.

ஜூன் 9ஆம் தேதி 4,999 ரூபாய் கட்டி உறுப்பினர் ஆனேன். என் வட்டத்தில் 28 பேர். தினமும் ஒரு பதிவு போடவேண்டும், மற்ற இருபது பேர் பதிவிலாவது கருத்து எழுதவேண்டும், அதற்குப் புள்ளி. 500 புள்ளி சேர்ந்தால் ரெஃபரல். வேலை முடிந்து வந்து, பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு, ராத்திரி 11 மணி வரை முகம் தெரியாதவர்களுக்கு வாழ்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு நாளைக்கு ஒருவர் ‘ஆஃபர் வந்துவிட்டது, வட்டத்துக்கு நன்றி’ என்று போடுவார். நாங்கள் எல்லாரும் கைதட்டுவோம். அவர்கள் யாரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 17ஆம் தேதி, என் சுயவிவரம் பலவீனமாக இருக்கிறது, சரிசெய்ய 6,500 என்றார்கள். கட்டினேன். திரும்பி வந்ததில் என் ஊர்ப் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள். அன்றைக்கே விலகியிருக்கவேண்டும்.

விலகாமல் போனதற்குக் காரணம் ஜூன் 24ஆம் தேதி சாயங்காலம் வந்த ஒரு அழைப்பு. உங்களுக்கு ஒதுக்கிய வழிகாட்டி என்று ஒரு அக்கா பேசினார். நல்ல நிதானமான குரல். எடுத்ததும் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

“நீடாமங்கலமாம்மா? நமக்குப் பாபநாசம் பக்கம்தான். வெண்ணாத்துல தண்ணி வந்துட்டா?”

வந்துவிட்டது என்றேன். 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்து, எங்கள் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

“மூணாறு தலைப்புலேர்ந்து எந்தப் பக்கம் நீங்க? பாமணியாறா, கோரையாறா?”

வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடம்தான் மூணாறு தலைப்பு. இதை வெளியூர்க்காரர் கேட்பாரா? சொல்லுங்கள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, “யாரு, நம்ம பக்கத்துப் பொண்ணா? சாப்பிட்டியான்னு கேளு” என்றார்கள். “அம்மாகிட்ட குடும்மா” என்று வாங்கி அம்மாவிடமும் ஐந்து நிமிஷம் பேசினார் அந்த அக்கா. நாற்று விட்டாயிற்றா, ஆள் கிடைக்கிறதா, கூலி என்ன என்று எல்லாம் விசாரித்தார். அதற்கப்புறம்தான் பணம்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு, மாதம் 24,000 ரூபாய். உள்ளே இருப்பவர் தன் பெயரைப் பணயம் வைத்து உங்களைச் சிபாரிசு செய்கிறார், நீங்கள் பாதியில் விட்டால் அவர் பெயர் கெடும், அதனால் 12,000 ரூபாய் பாதுகாப்புத் தொகை கட்டவேண்டும் என்றார். “15 நாள்ல தானா திரும்பி வந்துடும்மா. நடவுக்கு முன்னாடி கையில இருக்கும். நான் பொறுப்பு.”

நடவுக்கு முன்னால் வந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாங்கள் விழுந்தோம். வீட்டில் இருந்த பணம் குறுவை நடவுக் கூலிக்கு என்று அப்பா எடுத்துவைத்தது. ஜூன் 20 வாக்கில்தான் ஏடிடி 36 நெல் நாற்று விட்டிருந்தோம். 110 நாள் ரகம், 25 நாளுக்குள் பறித்து நடவேண்டும். ஜூலை 11க்குள் பணம் வந்துவிட்டால் 14ஆம் தேதி நடவு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. “நம்ம பொண்ணு சொல்லுது, பொய் சொல்லாது” என்றார்கள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். ஜூன் 26ஆம் தேதி அனுப்பினேன். 4,999, 6,500, 12,000. மொத்தம் 23,499 ரூபாய். மூன்று தடவையும் நிறுவனக் கணக்குக்குப் போகவில்லை, தனி ஆள் பெயரில் இருந்த யுபிஐக்குத்தான் போனது. தினமும் ஊரார் கணக்கு எழுதுகிற எனக்கு அது அன்றைக்குக் கண்ணில் படவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூலை 2ஆம் தேதி போனில் இன்டர்வியூ. நாலு நிமிஷம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பியை எந்தத் தேதிக்குள் போடவேண்டும் என்று பேசியவர் கேட்டார், 20 என்றேன். வெரிகுட், அடுத்த வாரம் ஆஃபர் வரும் என்று வைத்துவிட்டார்.

வாரம் போனது, ஆஃபரும் வரவில்லை, ஜூலை 11ஆம் தேதி பணமும் வரவில்லை. அந்த அக்காவை அழைத்தால் மணி அடித்து அடித்து நிற்கும். உதவி மையத்தில் எழுதினேன். ‘உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, 7 வேலை நாட்களில் தொடர்புகொள்வோம்.’ மறுநாளும் எழுதினேன், அதே வரி. நாலாவது நாள் ஒரு பையன் பேசினான். பணம் திருப்பும் பிரிவு வேறு மேடம், நான் குறித்துக்கொள்கிறேன் என்றான். அடுத்த நாள் வேறு ஒருவர், ‘நீங்கள் மூன்று நாள் பதிவு போடவில்லை, புள்ளி 500க்குக் கீழே போய்விட்டது, அதனால் தொகை நிறுத்திவைப்பு’ என்றார். பணம் கேட்டு அலைகிற நேரத்தில் பதிவு போடவில்லையாம்! அதற்கும் பணிந்து அன்று ராத்திரியே உட்கார்ந்து மூன்று நாள் பதிவையும் போட்டேன். புள்ளி 512 ஆனது. மறுபடி எழுதினேன். அப்போது வந்த பதில்தான் உச்சம்: ‘நீங்கள் செலுத்தியது வட்டத்தில் சேர்வதற்கான கட்டணம். வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் சேர்ந்தீர்கள்.’ பாதுகாப்புத் தொகை என்ற வார்த்தையே காணாமல் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் அந்தச் சென்னை நிறுவனத்தின் எண்ணை அவர்களுடைய சொந்த இணையதளத்திலிருந்து எடுத்து நானே அழைத்தேன். அப்படி ஒரு காலியிடமே இல்லை. அங்கே எடுத்த அம்மா பொறுமையாக விளக்கினார். ரெஃபரல் என்றால் உள்ளே வேலை பார்ப்பவர் ஆளைச் சொல்வது, அந்த ஆள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் நிறுவனம்தான் சொன்னவருக்குப் பணம் கொடுக்கும், வேலைக்கு வருகிறவரிடம் காசு வாங்குகிற பேச்சே கிடையாது என்றார். இந்தச் சின்ன விஷயம் ஜூன் மாதம் தெரிந்திருந்தால் போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வட்டத்தில் இருந்த பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி எனக்குத் தனியாக எழுதினாள். அவளுக்குப் போனது 17,000. அவளுக்கும் ஒரு அக்கா பேசியிருக்கிறார். பதிவு செய்து வைத்திருந்ததை அனுப்பினாள். அதே குரல். அதே நிதானம். ஆனால் அவளிடம், “எங்களுக்கு உடுமலைப் பக்கங்கண்ணு. உங்க தென்னைக்கு வெள்ளை ஈ விட்டுச்சா?” என்று கேட்கிறாள். ஊர்ப் பேச்சையே மாற்றிப் பேசுகிறாள். சேரும்போது சொந்த ஊர், அப்பா தொழில் என்று நாம் நிரப்பிக் கொடுத்தோம் இல்லையா, அதைப் பார்த்துப் படித்துவிட்டு வருகிறார்கள். எங்கள் ஆற்றுத் தண்ணீரைப் பற்றி அந்த அக்காவுக்கு ஒரு கவலையும் இல்லை. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டமோ, அதான் போன் எடுக்கல” என்று இன்றைக்குக் காலையில்கூடச் சொன்னார்கள்.

நடவு தள்ளிப்போனது. நடவு ஆட்களிடம் இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஜூலை 20ஆம் தேதி நாற்றங்காலுக்கு நானும் போனேன். ஒரு கைப்பிடி நாற்றைப் பறித்து என் கையில் கொடுத்தார். 30 நாள் நாற்று. தண்டு கெட்டிப்பட்டு, அடியில் கணு விழ ஆரம்பித்திருந்தது. முத்தின நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது, இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் அம்மாவின் வளையலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துக் கூலி கொடுத்தோம். அந்த 23,499 ரூபாயோடு, இனி கட்டப்போகிற வட்டியையும் குறையப்போகிற மகசூலையும் யார் கணக்கில் எழுதுவது?

வங்கிக்குப் போனேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நின்றுகொண்டே பேசி அனுப்பிவிட்டார்கள். ஜூலை 22ஆம் தேதி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன், எண் கொடுத்தார்கள். கடைசியாகப் பணம் போய் அதற்குள் 26 நாள். போன சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டாம். சென்னையில் அவர்கள் கொடுத்த முகவரிக்கு என் மாமா மகன் போய்ப் பார்த்தான். மணிக்கணக்கில் மேசை வாடகைக்கு விடும் இடம், அவ்வளவுதான்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். ரெஃபரலுக்குக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள், திருப்பித் தரும் தொகை என்று சொன்னாலும் சரி. வேலை இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தையே நேராகக் கேளுங்கள். தனி ஆள் யுபிஐக்குப் பணம் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் தளத்தோடு பேசி நாளைக் கடத்தாமல் உடனே 1930. நம் ஊர்ப் பேச்சு பேசுகிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலை முகாம்களில் ஒரு பைசா கிடையாது, அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன்.

நாளைக் காலையில் திருவாரூர் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகிறேன். பொள்ளாச்சிப் பெண் அவள் பதிவு செய்த குரலைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உங்களிடமும் ஒரு அக்கா உங்கள் ஊர்க்காரி மாதிரிப் பேசியிருந்தால், அது எந்த ஊராக இருந்தாலும், தேதியும் தொகையும் குறித்து இன்று ராத்திரிக்குள் எனக்கு எழுதுங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.