கொயர் நோட்ஸ் வாங்குமுன் பக்கத்தின் அடியைப் பாருங்கள்

எங்கள் சபை கொயருக்கு (பாடகர் குழுவுக்கு) நோட்ஸ், அதாவது இசைக்குறிப்புத் தாள்கள், வாங்கப் போய் 1,800 ரூபாயைத் தொலைத்தேன். அதோடு 24 பேர் முன்னால் அசடு வழிந்ததும் மிச்சம்.

வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் நெருங்கும் நேரம். வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர், ஆறு பாட்டு, நாலு குரலுக்கும் பிரித்தது, 24 பேருக்கு ஒரிஜினல் லைசென்ஸ் என்று போட்டிருந்தார். பேசினேன். "பயப்படாதீங்கண்ணே, எல்லாம் பக்கா" என்றார். ஜீபே செய்த ஐந்தாவது நிமிடம் பிடிஎஃப் வந்துவிட்டது.

ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தேன். பயிற்சியில் பேஸ் (ஆண்களின் அடிக்குரல்) பாடும் அண்ணன்தான் முதலில் கேட்டார்: "தம்பி, கடைசி வரியில என் கீழ் இ நோட்டை எலி கடிச்சிட்டா?" பார்த்தால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வெள்ளைப் பட்டை. ஸ்டாஃபுக்கு (நோட்டுகளை எழுதும் ஐந்து கோடுகளுக்கு) கீழே சின்னக் கோடு போட்டு எழுதியிருந்த நோட்டையும் சேர்த்து அது விழுங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அந்த வெள்ளை இடத்தின் மேல் மவுஸை இழுத்தேன். காலியாகத் தெரிந்த இடம் நீலமானது. காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டினால், எங்கோ வெளிநாட்டுச் சபை ஒன்றின் பெயர், ஆர்டர் எண், தேதி, கூடவே 'ஒரு பிரதிக்கு மட்டும்' என்ற வரி!

முறையாக விற்கும் பல தளங்கள் வாங்கியவர் பெயரையும் பிரதிகளின் எண்ணிக்கையையும் இப்படிப் பக்கத்திலேயே பதித்துத்தான் தருகின்றன. 24 பேர் பாடினால் 24 பிரதிக்குக் காசு. நம் ஆள் அதன் மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தை ஒட்டியதோடு சரி, எழுத்து அடியில் அப்படியே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் பதிக்கும் வித்தையும் உண்டு. ஸ்டாஃப் கோடுகளின் தடிமனை மயிரிழை கூட்டிக் குறைத்து அடையாளத்தை ஒளிக்கும் முறையை 2000-களின் தொடக்கத்திலேயே இத்தாலிய ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். இதில் எனக்கு உறுத்துவது வேறு. இந்த அடையாளம் விற்றவனைக் காட்டாது. காசு கொடுத்து வாங்கிய அந்தச் சபையைத்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு கூத்து. ஆறில் ஒன்று இசையமைப்பாளர் ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ். 1741-இல் எழுதியது, அவர் இறந்தது 1759-இல். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் ஆயுளுக்கும் அதற்குப்பின் 60 ஆண்டுக்கும்தான். சிபிடிஎல் என்ற தளத்தில் அந்தக் கோரஸ் இலவசமாகவே கிடைக்கிறது! மற்ற ஐந்தும் இன்றைய ஆட்கள் நாலு குரலுக்கு அமைத்தவை. அவற்றுக்கு உரிமை இருக்கிறது.

விற்றவரைக் கூப்பிட்டேன். "எல்லாச் சர்ச்சுலயும் இப்படித்தாண்ணே பாடுறாங்க" என்றார். அடுத்த அழைப்புக்குள் பிளாக். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன். "திருட்டு நோட்டை வெச்சுக்கிட்டா ஆண்டவரைத் துதிக்கப்போறீங்க?" என்று ஒரே கேள்வி. 24 செட்டையும் திரும்ப வாங்கினேன்.

யாராவது இப்படி விற்றால் முதலில் ஒரு பக்கம் கேளுங்கள். அடியில் மவுஸை இழுத்துப் பாருங்கள். பில் உங்கள் சபை பெயரில் வருமா என்று கேளுங்கள். அங்கேயே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

நாங்கள் இப்போது இரண்டே பாட்டு, 24 பிரதிக்குக் கணக்காக வாங்கியிருக்கிறோம். அடியில் எங்கள் சபை பெயர். அண்ணனுக்கு அவருடைய இ நோட்டும் கிடைத்துவிட்டது.