லெ ஆவ்ரா, விம்பிள்டனா? ஷோப்பன்ஹவரின் இரண்டு அந்நிய ஊர்ப் படிப்புகள்

ஜெர்மன் தத்துவவாதி ஆர்தர் ஷோப்பன்ஹவரை அவருடைய அப்பா இரண்டு முறை வெளிநாட்டில் படிக்க விட்டார்.

முதலில் பிரான்சின் லெ ஆவ்ர். 1797-ல் ஒன்பது வயதுப் பையனாகப் போனவர், அப்பாவின் வணிக நண்பர் வீட்டில் இரண்டு வருடம் தங்கி, அந்த வீட்டுப் பையனோடு சேர்ந்து படித்தார். ஊர் திரும்பும்போது ஜெர்மன் மொழியே ஏறக்குறைய மறந்திருந்தது. தன் சிறுவயதின் மிக மகிழ்ச்சியான காலம் அதுதான் என்று பின்னாளில் சொன்னார்.

அப்புறம் 1803-ல் லண்டனை அடுத்த விம்பிள்டன். அப்பா அம்மா ஸ்காட்லாந்து சுற்றப் போக, பதினைந்து வயதில் ஒரு பாதிரியார் நடத்திய விடுதிப் பள்ளியில் தனியாக விடப்பட்டார். ஏறத்தாழ மூன்று மாதம்தான். ஆனால் கட்டுப்பெட்டியான ஒழுங்கும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீளும் வழிபாடுகளும் அவரை வாட்டின. அம்மா யோஹானாவுக்குக் கடிதத்தில் புலம்பினார். நீயே முன்வந்து மற்றவர்களோடு பழகு என்பதுதான் அவர் சொன்ன புத்தி. எனக்கு அது நெஞ்சை உறுத்துகிறது.

எது ஆழமாகப் பதிந்தது? விம்பிள்டன் என்றே சொல்வேன். ஆங்கிலேயப் பாதிரிமார்மீது அவர் எழுத்தில் கடைசிவரை தெறிக்கும் கோபம் அங்கே பிடித்த தீ. உலகமே துன்பம் என்ற அவருடைய தத்துவத்தை முழுக்க அந்தப் பள்ளியின் கணக்கில் எழுத முடியாது. 1804-ல் துலோன் துறைமுகத்தில் சங்கிலியில் கட்டுண்ட கைதிகளைப் பார்த்ததும் அதில் சேரும். ஆனால், அந்த வெறுத்த பள்ளி தந்த ஆங்கிலத்தை அவர் விடவே இல்லை. முதுமையிலும் பிராங்க்ஃபர்ட்டில் உட்கார்ந்து லண்டன் ‘டைம்ஸ்’ படித்துக்கொண்டிருந்தார்.