புஷி பூங்காவின் சனிக்கிழமை ஓட்டம்: ஏழாண்டு அனுபவத்தின் மதிப்புரை

லண்டனின் தென்மேற்கில் உள்ள டெடிங்டனில் 2015 முதல் ஏழு ஆண்டுகள் குடியிருந்தேன். அக்காலத்தில் எனக்குச் சொந்த ஊர் என்ற உணர்வைத் தந்தது, அருகிலுள்ள புஷி பூங்காவில் சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்கு நடக்கும் பார்க்ரன் என்னும் 5 கிலோமீட்டர் ஓட்டம்தான். இதற்குக் கட்டணமே கிடையாது. இணையத்தில் ஒரு முறை பதிவு செய்தால் ஒரு பார்கோடு கிடைக்கும். உலகில் எந்தப் பார்க்ரனுக்கும் அதுவே போதும்.

இந்த இயக்கம் பிறந்த இடமும் இதே பூங்காதான். காயத்தால் ஓட முடியாமல் இருந்த பால் சின்டன்-ஹெவிட், ஓட்டக்கார நண்பர்களின் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று எண்ணி, 2004 அக்டோபர் 2 அன்று 13 பேரை ஓடவிட்டுத் தாம் நேரம் குறித்தார். முடித்தவர்களின் வரிசையை அறிய ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாஷர்களையே அடையாள வில்லைகளாகக் கொடுத்தார்கள். இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்தாலும் முறை மாறவில்லை: எல்லைக்கோட்டில் ஒரு வில்லை கொடுப்பார்கள், அதையும் நம் பார்கோடையும் ஒருவர் ஸ்கேன் செய்வார், சில மணி நேரத்தில் நம் நேரமும் இடமும் மின்னஞ்சலில் வந்துவிடும். முன்பு பார்கோடைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது கைபேசித் திரையையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பாதை ஒரே சுற்று, ஏறக்குறைய முழுவதும் சமதளம். ஆயிரம் பேருக்கு மேல் கூடுவதால் முதல் கிலோமீட்டரில் நெரிசல் இருக்கும். ஆகவே நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருபவர்களுக்கு நான் சிறிய பூங்கா ஒன்றையே பரிந்துரைப்பேன்.

மற்ற எல்லாருக்கும் இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. அதற்கு முதன்மையான காரணம், கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டரை நிறுத்தியிருப்பது. முடிவுப் பட்டியலில் கடைசிப் பெயர் எப்போதும் அவருடையதாகவே இருக்கும் என்பதால், ஓடவோ நடக்கவோ வந்த எவரும் கடைசியாக வந்தவர் ஆவதில்லை. 2018ஆம் ஆண்டு கோடையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா, சேலையும் என் பழைய ஓட்டக் காலணியுமாக நடந்து ஒரு மணி நேரம் தாண்டி முடித்தார். ஆங்கிலம் அறியாத அவருடன் அன்றைய கடைசித் தொண்டரான ஒரு மூதாட்டி, மரங்களையும் மான்களையும் கைகாட்டியபடியே வழி முழுவதும் உடன்வந்தார். “என்னைத் தனியா விடாம கூடவே வந்தாளே அந்த அம்மா, அவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுடா” என்று அம்மா சொல்ல, பூங்காவிலுள்ள ஃபெசன்ட்ரி காபிக் கடையில் மூவரும் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

தொண்டர் பணியையும் இச்சேவையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். ஓடிய காலைகளைவிட, ஒளிரும் மேற்சட்டை அணிந்து குளிரில் விறைத்த விரல்களால் வில்லைகளைக் கொடுத்த காலைகளிலேதான் மனிதர்களை நெருங்கி அறிந்தேன். மூச்சிரைத்தபடி வந்து நிற்பவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் நன்றிதான். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஓட்டங்கள் நின்று, இங்கிலாந்தில் 2021 ஜூலை 24 அன்று மீண்டும் தொடங்கியபோது, ஓட்டம் தொடங்கும் இடத்தில் முகம் மட்டுமே பழக்கமான பலரை நான் கண்ணீரோடு கட்டிக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில் பார்க்ரன் அமைப்பினர், ஒவ்வொரு பாதையிலும் மிக வேகமாக ஓடியவர்களைக் காட்டும் சாதனைப் பட்டியல்களைத் தங்கள் இணையத் தளத்திலிருந்து நீக்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. வேகமாக ஓடுபவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அம்மா நடந்த அந்தக் காலையை எண்ணிப் பார்க்கும்போது, முதலில் வந்தவரின் பெயரைவிட எல்லாரும் வர முடிந்ததையே முன்னிறுத்தும் முடிவு சரியென்றே கருதுகிறேன்.

செல்ல விரும்புபவர்கள் ரயிலில் போவது நல்லது. வாகன நிறுத்தங்கள் விரைவில் நிரம்பிவிடும். டெடிங்டன், ஹாம்ப்டன் விக் ஆகிய இரு நிலையங்களிலிருந்தும் நடந்தே போகலாம். முதன்முறை வருபவர்களுக்குத் தொடக்கத்தில் தனியே விளக்கம் தருவார்கள் என்பதால் கால் மணி நேரம் முன்னதாகச் சேர்ந்துவிடுங்கள். மே மாதமானால் செஸ்ட்நட் சாலையின் மரங்கள் பூத்து நிற்கும். மான்கள் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் 50 மீட்டர் விலகியே நடங்கள்.