பிழையைப் பரிந்துரைக்கும் விசைப்பலகை

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பகல் முழுவதும் அடுத்தவர் எழுத்தில் ஒற்றும் புள்ளியும் திருத்திவிட்டு மாலையில் கைபேசியை எடுத்தால், அங்கேயும் அதே பிழைகள். வாழ்த்து, அறிவிப்பு, விளம்பரம், அஞ்சலி என்று எதுவும் விலக்கில்லை. குறை சொல்லும்போது எழுதியவரை மட்டும் சொல்கிறோம். அவர் கையில் இருக்கும் விசைப்பலகையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் இந்த விமர்சனம். பலரும் வைத்திருக்கும் ஒரு தமிழ் விசைப்பலகைச் செயலியைச் சில மாதங்களாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். பெயர் வேண்டாம். உங்கள் செயலி வேறாக இருந்தாலும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

நிறுவியதும் தானாக வருவது, ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழாக மாறும் முறை. பழக எளிது, மறுக்கவில்லை. ஆனால் தமிழுக்கு ல, ள, ழ மூன்றும் வேண்டும். ன, ண, ந மூன்றும் வேண்டும். ர, ற இரண்டும் வேண்டும். ஆங்கிலத்தில் தட்டும்போது இவற்றில் பலவும் ஒரே விசைக்குள் போய் விழுகின்றன. அப்புறம் எது சரி என்று பரிந்துரைப் பட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர் விரல் முதலில் இருப்பதன் மேல்தான் விழும். ‘பணி நிறைவு’ ‘பனி நிறைவு’ ஆவதும், ‘மனமார்ந்த’ ‘மணமார்ந்த’ ஆவதும் இந்த இடத்தில்தான்.

என்னை மிகவும் வருத்தியது ஓர் அஞ்சலி. நண்பர் ஒருவரின் தந்தை காலமான செய்தி வந்தது. முதலில் பதில் போட்டவர் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதியிருந்தார். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே எழுதினார்கள். நான் ‘ஆழ்ந்த’ என்று தட்டியதும் செயலி எனக்கும் ‘இறங்கல்’ என்றே நீட்டியது. இரங்குவது மனம், இறங்குவது படி. துக்க வீட்டுக்குப் போகும் சொல் இது. அந்தக் குடும்பம் என்றைக்காவது எடுத்துப் படிக்கப்போகும் வரிகள். அதைக்கூடச் சரியாகத் தராத கருவியை எப்படி மன்னிப்பது?

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, வேண்டுமென்றே ‘முயற்ச்சி’ என்று தட்டி ஏற்கச் செய்தேன். அதன்பின் ‘முய’ என்று தொடங்கினாலே அந்தப் பிழைதான் முதலில் வந்து நின்றது. தட்டுகிறவரிடமிருந்து கற்றுக்கொள்கிறது, சரி. கற்றது தமிழில் இருக்கக்கூடிய சொல்தானா என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா? இதற்குப் பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வருவது ய், ர், ழ் மூன்றில் தொடங்கும்போதுதான். வாய்ப்பு, பார்த்து, வாழ்க்கை. ற், ட் இரண்டுக்குப் பின்னால் அப்படி இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே இயற்க்கை, முயற்ச்சி, பயிற்ச்சி எல்லாமே தவறு. இயற்கை, முயற்சி, பயிற்சிதான் சரி. இந்த ஒரு விதியை நிரலில் சேர்த்தால் நான் நாள்தோறும் திருத்தும் பிழைகளில் ஒரு பெரும்பகுதி தட்டும்போதே நின்றுவிடும். ‘சுவற்றில்’ என்பதும் அப்படித்தான். கிணறு, வயிறு என்று ‘று’வில் முடிகிற சொற்கள்தான் கிணற்றில், வயிற்றில் என்று மாறும். சுவர் ‘ர்’ஆல் முடிகிறது, எனவே சுவரில். செயலி இரண்டையும் ஒன்றுபோல ஏற்றுக்கொள்கிறது, எதன் கீழும் கோடு போடுவதில்லை.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் இருக்கிறது. ஔ என்பது தனி எழுத்து. ஒ தட்டி, பக்கத்தில் ள தட்டினாலும் பார்க்க அதே மாதிரிதான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ‘ஒளவையார்’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவைத்த கட்டுரை, ‘ஔவையார்’ என்று தேடுபவருக்குக் கிடைக்காமல் போகலாம். ‘கௌரவம்’ என்ற சொல்லைக் ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்துத் தட்டினால், திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் பார்வையற்ற வாசகர் காதில் அது கெ-ள-ரவம் என்று விழும். இந்தச் செயலியில் ஔகார விசை நீண்ட அழுத்தத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தேடிப் பார்க்காதவர் ளகரத்தைத்தான் தட்டுவார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அமைப்புகளுக்குள் போனால் தமிழ்99 இருக்கிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு இது. உயிர் எழுத்துகள் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். ண, ன, ந ஒவ்வொன்றுக்கும் தனி விசை. ல, ள, ழவுக்கும் அப்படியே. க இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்து க்க ஆகிவிடும். ந, த தட்டினால் ந்த. தமிழ் எழுத்துகள் எப்படிச் சேரும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. இந்தச் செயலியில் அது தடுமாற்றமில்லாமல் ஓடுகிறது, வேகமும் இருக்கிறது. எந்த எழுத்து வேண்டும் என்பதை விரலே முடிவு செய்ய வேண்டியிருப்பதால் குழப்பத்துக்கு இடம் குறைவு. இதை ஏன் மூன்று பட்டியல்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள் என்றுதான் புரியவில்லை.

குரல்வழித் தட்டச்சு பரவாயில்லை. நிதானமாக உச்சரித்தால் ல, ள, ழ வேறுபாட்டைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. ஒற்று மிகும் இடங்களைத்தான் கோட்டைவிடுகிறது.

அண்ணன் மகளிடம் இதைப் பற்றிப் பேசினேன். “புரியுதுல்ல அத்தை, அது போதாதா?” என்றாள். புரிகிறதுதான். ஆனால் புரிவது படிப்பவரின் உழைப்பால். எழுதியவர் செய்யாமல் விட்ட வேலையை, படிப்பவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தரம் செய்து, நின்று, யூகித்து, நகர்கிறார்கள். அவளிடம் அதைத்தான் சொன்னேன். யோசித்துவிட்டுத் தன் கைபேசியிலும் தமிழ்99ஐ வைத்துத் தரச் சொன்னாள். முதலில் எழுத்தைத் தேடித் தேடிச் சலித்துக்கொண்டாள். இப்போது அவள் அனுப்பும் செய்திகளில் ணகர னகரக் குழப்பம் அநேகமாக இல்லை.

ஒருமை பன்மைக்கு எந்த அமைப்பிலும் உதவி கிடையாது. ‘படங்கள் வெளியானது’ என்று எழுதினால் செயலி சும்மா இருக்கிறது. ‘வெளியாயின’ என்று காட்டலாம். சென்ற புதுப்பிப்பின்போது செயலியே காட்டிய அறிவிப்பு, ‘புதிய வசதிகள் சேர்க்கப்பட்டுள்ளது’. ‘சேர்க்கப்பட்டுள்ளன’ என்று திருத்தி அவர்களுக்கு எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அறிவிப்பு அப்படியே இருக்கிறது. தமிழர்களுக்காகத் தமிழ்க் கருவி செய்பவர்கள், வெளியிடும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் நான்கு வரியைக் காட்டிவிட்டுப் போடுவதில் என்ன சிரமம்?

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். அதில் இரண்டு தமிழ்99க்கு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் நீக்க வேண்டாம். அமைப்புகளில் தமிழ்99க்கு மாறுங்கள். கற்றுக்கொண்ட சொற்களை ஒருமுறை முழுதாக அழித்துவிடுங்கள். பட்டையில் தவறான சொல் வந்தால் அதை அழுத்திப் பிடித்து நீக்குங்கள். புதிதாக நிறுவ நினைப்பவர்கள், முதலில் ‘ஆழ்ந்த’ என்று தட்டி அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.