குள்ளஞ்சாவடி தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை: கருவாட்டுக் குழம்பும் பெஞ்சுப் பேச்சும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாக வடலூருக்குக் காரில் செல்பவர்கள், குள்ளஞ்சாவடியைக் கடந்த சிறிது தூரத்தில், முந்திரித் தோப்புக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகையைக் காணலாம். முன்னால் நிற்கும் லாரிகளே அதற்கு விளம்பரம். 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயலில் பழைய கீற்றுக் கூரை பறந்துபோன பிறகு தகரம் போட்டதாகக் கடைக்காரப் பெண்மணி சொன்னார். கீற்றைவிடத் தகரம் உறுதிதான். ஆனால் மதிய வெயிலில் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் சட்டை நனைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாழையிலைச் சாப்பாடு 90 ரூபாய். பலாப்பழக் காலமாதலால் பலாக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்தது. பண்ருட்டிப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாக வைப்பதுதான், ஆனால் சாலையோரக் கடைகளில் இந்தப் பக்குவத்தில் கிடைப்பது அரிது. கருவாட்டை வெந்நீரில் நன்றாக அலசியிருந்ததால் பல்லில் மண் நெறுநெறுக்கவில்லை. கொட்டை மாவாக வெந்திருந்தும் உடையவில்லை. புளியும் உப்பும் கொட்டைக்குள் இறங்கியிருந்தன. ரசம் வெறும் மிளகுத் தண்ணீர். பொரியலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

குழம்புக்கு இணையாகக் குறிப்பிட வேண்டியது அந்த ஒற்றை நீள பெஞ்சில் நடக்கும் பேச்சு. கடையில் தொலைக்காட்சி கிடையாது. இரண்டு நாளிதழ்கள் கிடக்கின்றன. 1952 தேர்தலில் வன்னியர்களின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்ற காலம் தொட்டே, இந்தப் பகுதியை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டம் என்றால் சாதியைக் கேட்டதும் ஓட்டைச் சொல்லிவிடலாம் என்று நகரத்தில் ஒரு கணக்கு உண்டு. என்னுடன் வந்த நண்பர், எதிரே அமர்ந்திருந்த பெரியவரின் வேட்டியில் பா.ம.க. கொடியின் நீலம், மஞ்சள், சிவப்புக் கரையைப் பார்த்ததுமே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். நாளிதழில் இடஒதுக்கீடு பற்றிய செய்தி ஒன்று வந்திருந்தது. மிகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குள் வன்னியர்களுக்குத் தந்த 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு அந்தப் பெரியவர் நீதிமன்றத்தைத் திட்டுவார் என்று நண்பர் காத்திருக்க, அவரோ, "கணக்கெடுக்காம அவசரத்துல குடுத்தா கோர்ட்டுல எப்படி நிக்கும்? நம்ம ஆளுங்களும் சேர்ந்துதான் அவசரப்பட்டாங்க" என்றார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, காலனியைச் சேர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்த இளைஞர், "அண்ணே, எஸ்.சி. ஒதுக்கீட்டுல அருந்ததியருக்கு 2009ல 3 விழுக்காடு உள்ள பிரிச்சுக் குடுத்தாங்களே, அது நின்னுச்சே. எங்களுக்குள்ள பின்தங்கினவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கறது நியாயம்னா, உங்களுக்குள்ளயும் நியாயந்தான், கணக்கு மட்டும் சரியா இருக்கணும்" என்று ரசத்தைப் பிசைந்தபடியே சொன்னார். இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. யார் கணக்கெடுப்பது, சென்னையா டெல்லியா என்பதில் குரல் உயர்ந்தது. "இலை எடுக்கணும், கை கழுவிட்டு வெளிய நின்னு பேசுங்க" என்ற கடைக்கார அக்காவின் அதட்டலில்தான் அது நின்றது.

அதட்டிய அக்காவுக்கும் அரசியல் உண்டு. இலை எடுக்கும் உதவியாள் குறிஞ்சிப்பாடியிலிருந்து மகளிர் கட்டணமில்லா நகரப் பேருந்தில் வருகிறார். 2021 மே மாதத்தில் அந்தத் திட்டம் வந்திராவிட்டால் இந்தச் சம்பளத்துக்கு ஆள் நின்றிருக்காது என்று அக்காவே சொன்னார். "அப்படியானால் ஓட்டும் திட்டம் கொண்டுவந்த திமுகவுக்குத்தானே?" என்று நண்பர் கேட்டதற்கு, "பஸ்ஸு நல்லதுதான் சார். அதுக்காக ஓட்டை எழுதியா குடுத்துட்டோம்?" என்று சோற்றுத் தட்டை நகர்த்தினார். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் பற்றிய பேச்சும் இப்படித்தான் கிளை பிரிந்தது. 2023 ஜூலையில் சுரங்க வேலைக்காக வளையமாதேவி கிராமத்தில் நின்ற பயிரின் மேல் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதைப் பெரியவர் கொதிப்போடு சொன்னார். ஆனால் சுரங்கத்தை மூட வேண்டுமா என்றபோது, நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் நிரந்தர வேலை வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கையாக இருந்தது. எதிர்ப்பு, ஆதரவு என்று இரண்டே பக்கமாக உட்காரவைக்கும் தொலைக்காட்சி விவாதத்தில் இவருக்கு எந்த நாற்காலியைக் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

குறைகளும் உண்டு. கை கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை, ஆதலால் குடும்பத்தோடு செல்பவர்கள் கடலூரிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. காரை லாரிகளுக்குப் பின்னால் நிறுத்தினால் வெளியே எடுக்க நேரமாகும். பணத்தைக் கைப்பேசி வழியாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு இரண்டு மணிக்கு மேல் இருக்காது. தைப்பூசத்தன்று வடலூர் ஜோதிக்கு நடந்துபோகிறவர்களுக்காகச் சைவச் சமையல் மட்டுமே.