முழுக்க ஆன்லைனா, பாதி வகுப்பறையா?

2020 ஏப்ரலில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. அன்றைக்கு ஆன்லைன் வகுப்பைவிட்டால் வேறு கதி இல்லை. இன்று தேர்ந்தெடுக்கலாம் என்பதால், முழு ஆன்லைனையும் வகுப்பறையோடு திரை சேர்ந்த கலப்பு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

உடம்பு முடியாமல் வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கும் பள்ளியே எட்டாத இடத்தில் இருக்கும் பிள்ளைக்கும் முழு ஆன்லைன் பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு? அமெரிக்காவின் முழுநேர ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளை (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடப்பவை) ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற கல்வி ஆய்வு மையம் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், கணக்குப் பாடத்தில் அந்த மாணவர்கள் வழக்கமான பள்ளிகளில் படித்த, தங்களை ஒத்த மாணவர்களைவிட 180 நாள் படிப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். அங்கே அது கிட்டத்தட்ட ஒரு முழுக் கல்வியாண்டு.

ஏன் என்று யோசித்தால், ½ + ⅓ = ⅖ என்று எழுதும் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. ஆன்லைன் தேர்வு பெரும்பாலும் 'தவறு' என்று சிவப்பில் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியரோ, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான் என்பதை நோட்டைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார், ஒரு காகிதத்தை மடித்துக் காட்டிப் புரியவும் வைத்துவிடுவார்.

கலப்பு முறையின் பலமே, ஆசிரியர் இப்படிப் பக்கத்தில் நிற்கும் நேரத்தை மீட்டுத் தருவதுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோனத்தன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காகப் பாடத்தை வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். அப்புறம் எல்லோரும் வீட்டிலேயே பாடத்தைப் பார்க்க, வகுப்பு நேரம் பயிற்சிக்கும் சந்தேகங்களுக்கும் என்றானது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போனுக்கு மூன்று பிள்ளைகள் போட்டி போட்டால் இது நடக்காது. அங்கே சுழற்சி முறைதான் சரி: வகுப்புக்குள்ளேயே ஒரு குழு திரையில் பயிற்சி செய்ய, இன்னொரு குழு ஆசிரியரோடு உட்காரும், பிறகு இடம் மாறும். சிறு வகுப்புகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எதிரே முப்பது பேர், கேமராவில் பத்துப் பேர் என்று ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நடத்தச் சொல்வதையும் கலப்பு என்கிறார்கள். அதை மட்டும் ஏற்கவே மாட்டேன். அவர் கரும்பலகை பக்கம் திரும்பிய நொடியில் திரையில் தூக்கிய கை யார் கண்ணிலும் படுவதில்லை.