அப்பாவுக்கு வாங்கிய ரப்பர் பூட்ஸ்

அப்பா சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் மீன் விற்கிறார். விடிகாலையிலிருந்து மதியம்வரை ஐஸ் தண்ணீரில்தான் நிற்பார். முன்பு ஒரு கடையில் வாங்கிய மஞ்சள் பிவிசி பூட்ஸ் ஐந்தே மாதத்தில் கணுக்கால் மடிப்பில் பிளந்துவிட்டது. மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். அதனால் ஜாலான் புசார் பக்கம் ஒரு சாமான் கடையில் மலேசியத் தயாரிப்பான கறுப்பு இயற்கை ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். 38 வெள்ளி. எட்டு மாதமாக உழைக்கிறது. மடிப்பை விரித்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை.

நான் கோட்பாட்டு இயற்பியலில் இருக்கிறேன். என் துறை மென்பருப்பொருள்: ரப்பர், பசை, நுரை, தயிர் மாதிரி, திடமா திரவமா என்று சட்டென்று சொல்ல முடியாதவை. பிவிசி இயல்பிலேயே விறைப்பானது. எண்ணெய் போன்ற ஒன்றைக் கலந்துதான் அதை வளைய வைக்கிறார்கள். மீன் கொழுப்பு பட்டுப்பட்டு அது மெல்ல வெளியேறும், குளிரில் இன்னும் விறைக்கும், தினமும் மடியும் இடத்தில் வெடிக்கும். இயற்கை ரப்பரோ சுழியத்துக்குக் கீழே 70 டிகிரி வாக்கில்தான் கண்ணாடி போல இறுகும். ஐஸ் பெட்டி அதற்கு ஒரு குளிரே இல்லை.

இந்தத் துறைக்கு என்னை இழுத்ததும் ஒரு பூட்ஸ்தான். 1991இல் நோபெல் பெற்ற பியேர் ஜில் டி ஜென், மென்பருப்பொருள் என்றால் என்ன என்று விளக்க, தன் நோபெல் உரையில் அமேசான் பழங்குடியினரைச் சொன்னார். ரப்பர் பாலைக் காலில் பூசிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே காலணியாகிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. அதே ஆக்சிஜன் பிறகு சங்கிலிகளை வெட்டியும் விடும். 1839இல் சார்ல்ஸ் குட்யியர் கந்தகத்தால் முடிச்சுப் போட்ட பிறகுதான் ரப்பர் நிலைத்தது. 200 கார்பன் அணுக்களில் ஒன்று கந்தகத்தோடு சேர்ந்தால் போதும், ரப்பர் திரவம் போல ஒழுகுவது நின்றுவிடும்.

இளங்கலையில் இதைப் படித்த அன்றே குளுவாங்கில் இருந்த அப்பத்தாவுக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். "மங்குல மிஞ்சுன பாலு மறுநாள் கட்டியாயிரும். வெட்டுன கோட்டுல காஞ்சு கெடக்கறத கோட்டுப்பாலுனு உரிச்செடுப்போம்" என்றார். மங்கில், அதாவது பால் பிடிக்கும் கோப்பையில், கட்டியாவது கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால், முடிச்சால் அல்ல. அந்த வித்தியாசத்தை யோசித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், இனி இதுதான் என் வேலை என்று முடிவாகிவிட்டது. டி ஜென் காந்தம், மீகடத்தி, திரவப் படிகம் என்று போய்த்தான், ரப்பர் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமருக்கு வந்தார். நான் நேரே ரப்பருக்கே வந்துவிட்டேன். முடிச்சுகளின் எண்ணிக்கை கூடினால், குறைந்தால் ஒரு கீறல் எப்படி ஓடும் என்று கணக்குப் போடுகிறேன்.

சரி, குறைகள். பிவிசியைவிடக் கனம். முதல் இரண்டு வாரம் கந்தக வாடை போகாது. கொழுப்பும் எண்ணெயும் ஊறினால் இயற்கை ரப்பர் உப்பிவிடும். அதனால் அப்பா தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிழலில் கவிழ்த்து வைக்கிறார். ஆட்டிறைச்சிக் கடைக்கும் வண்டி பழுது பார்ப்பவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன், எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாங்குங்கள். தடித்த காலுறை போடுவதானால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

"தாளும் பேனாவும் வச்சு என்னம்மா பண்ற?" என்று பல வருடமாகக் கேட்டவர் அப்பா. போன வாரம் நான் போனபோது, காய்கறிக் கடை அண்ணனிடம் பூட்ஸை வளைத்துக் காட்டி, "இருநூறுக்கு ஒரு முடிச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அண்ணனுக்கும் ஒரு ஜோடி வேண்டுமாம், பத்தாம் அளவு.